முதலில் அது துப்பாக்கியா என்று கேட்டவர்

பங்காரப்பேட்டையில் ரயில் வழக்கம்போல் காரணம் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. பெங்களூர் உயர் நீதிமன்றத்தில் எனக்கு ஒரு சின்ன வேலை. அதற்காக விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பம் வண்டியில் இடம் பிடித்து, ஜன்னலோரம் பாதித் தூக்கத்தில் இருந்தேன். எங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், யாரோ தொலைத்த கறுப்பு அங்கியைப் பற்றிய விசாரிப்புக்கும் இன்னொருவர் அனுப்பிய காலை வணக்கத்துக்கும் நடுவில் அது இருந்தது. "கோமளா மேடம் இன்று அதிகாலை காலமானார். உடல் ஆண்டர்சன்பேட்டை வீட்டில் வைக்கப்பட்டுள்ளது." கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நானும் ஒரு கூப்பிய கையை அனுப்பிவிட்டேன். என்ன செய்தேன் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

துக்கம் உடனே வரவில்லை. முதலில் வந்தது அசதி. அதன் பின்னால் ஃபிட்டர் முனுசாமியின் முகம் வந்தது. அடுத்த வாரம் அவருக்கு வாய்தா. அந்த மனிதர் சிறைக்குப் போவாரா வீட்டுக்குப் போவாரா என்பது, அன்று நீதிபதி கேட்கும் கேள்விக்கு அவர் சொல்லப்போகும் பதிலில் இருந்தது. அவருக்காக இத்தனை காலம் நீதிமன்றத்தில் நின்ற கோமளா போய்விட்டார். "இன்னா மேடம், நடு கேஸ்ல வுட்டுட்டுப் போய்ட்டீங்களே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் டிபன் பையை நெருக்கி வைத்துக்கொண்டார்.

சங்கத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாததை அவரை அறிந்த உங்களுக்காக இப்போது எழுதுகிறேன். கூட்டத்தில் அவரைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் பாதி வேறு யாருக்கோ பொருந்தும். "எப்போதும் புன்னகையோடு இருப்பார்" என்று ஒருவர் சொன்னார். கோமளா எப்போது புன்னகைத்தார்? காலையில் காபி குடிக்கும் வரை அவரிடம் பேசவே நாமெல்லாம் பயப்படுவோம்.

அவர் வீடு ஆண்டர்சன்பேட்டை கடைவீதியில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேலே. கடையைத் தம்பி பார்த்துக்கொண்டார், மாடியில் முன்னறை இவருடைய அலுவலகம். கீழே ஆணி எடை போடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய நந்திதுர்க் லைன் வீட்டில் வளர்ந்தவன். ஏறக்குறைய ஒரே சமயத்தில் இருவரும் தொழிலுக்கு வந்தோம், சங்கத்து அறையில் ஒரே மேசையைப் பங்கு போட்டுக்கொண்டோம், அந்த மேசையிலேயே ஆயுள் முழுக்கச் சண்டையும் போட்டோம். ஆயுதச் சட்ட வழக்கு என்றால் நாங்கள் எல்லோரும் நழுவிவிடுவோம். துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே ரௌடி, ரத்தம் என்று மனம் ஓடிவிடும். கோமளா நழுவவில்லை. அந்த வழக்குகள் எல்லாம் தாமாக அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. வந்தவர்களில் ரௌடிகள் குறைவு. காட்டுப்பன்றி விரட்டப் போன விவசாயிகளும், குரங்குக்குப் பயந்து ஏர்கன் வாங்கிய பென்ஷன்காரர்களும்தான் அதிகம்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல் தகவல் அறிக்கையைக் கையில் கொடுத்தால் வாங்கி அப்படியே கவிழ்த்து வைத்துவிடுவார். "பேப்பர் எங்கயும் ஓடிடாதுங்க. பொருளைக் காட்டச் சொல்லுங்க" என்பார். காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துச் சொத்து அறைக்கோ போய், பிடிபட்ட சாமானைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காகிதத்தைப் படிப்பார். படித்தவுடன் பெரும்பாலும் ஒரு பெருமூச்சு விடுவார். எழுதியிருப்பது ஒன்றாகவும் பார்த்தது வேறாகவும் இருக்கும்.

ஒரு தேர்தல் சமயம். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கூடத் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டிய நேரம். அப்போது சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த நம் சயனைடு மேட்டில் ஏதோ சினிமாப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. குழுவின் சாமான்களை ஏற்றிவந்த டெம்போவைச் சோதனைச் சாவடியில் மடக்கிவிட்டார்கள். உள்ளே ஒரு மூட்டை துப்பாக்கிகள். ஓட்டியவர் ஆண்டர்சன்பேட்டைக்காரர். அறிக்கையில் "தானியங்கித் துப்பாக்கிகள்" என்று எழுதியாகிவிட்டது. அது சட்டத்திலேயே ஆகக் கடுமையான வகை, ஆயுள் முழுக்க உள்ளே வைக்கலாம். ஓட்டுநரின் மனைவி காவல் நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கோமளா உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம், "சார், ஒண்ணத் தூக்கிப் பாருங்க" என்றார். அவர் இரண்டு கையாலும் பலமாகத் தூக்கினார். பொருள் இறகு மாதிரி மேலே வந்துவிட்டது. முழுக்க ஃபைபர். காவலர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோமளா மட்டும் சிரிக்கவில்லை. "இருட்டுல பாத்தா யாருக்கும் அப்படித்தான் சார் தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஓட்டுநரை விடுவிக்கிற வேலையை முடித்துக்கொண்டு வந்தார். வெளியே வந்ததும் என் மேல் பாய்ந்தார். "எதுக்குச் சிரிச்சீங்க? அவமானப்பட்டவரு அடுத்த கேஸ்ல நம்ம ஆளத்தான் உதைப்பாரு."

அன்று டீ குடித்தபடி அவர் சொன்னதைத்தான் நான் இன்று வரை ஆயுதச் சட்டத்தைப் பற்றி உருப்படியாகத் தெரிந்துவைத்திருக்கிறேன். "துப்பாக்கின்னு சட்டத்துல ஒரு பொருள் கிடையாதுங்க, ராஜேந்திரன். நம்ம ரயில் மாதிரிதான். வண்டி ஒண்ணு, பெட்டி வேற வேற, டிக்கெட் வேற வேற" என்று ஆரம்பித்தார். விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடுகிற வகை சாமானியருக்கு அறவே கிடையாது. ராணுவத் தோட்டாவை ஏற்கிற துப்பாக்கிகளும் ஏறத்தாழ அப்படித்தான். அதற்குப் பிறகு பிஸ்டல், ரிவால்வர். குழலுக்குள் சுருள் வரி வெட்டியிருந்தால் அது ரைஃபிள். உட்புறம் வழவழப்பாக இருந்தால் வேறு வகை. அதிலும் பின்புறம் தோட்டா போடுவது ஒன்று, வாய் வழியாக வெடிமருந்து திணிப்பது இன்னொன்று. மருந்தே இல்லாமல் காற்றால் சுடும் ஏர்கன்னையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. எந்த விசையால் குண்டு பறந்தாலும் அதற்குக் கணக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வகை இருக்கிறது. மிகப் பழையதாகவோ பாழாகவோ போய், பழுது பார்த்தாலும் சரி பார்க்காவிட்டாலும் சரி, இனிச் சுடவே முடியாதது. அதற்கு லைசென்ஸ் வேண்டாம். "அது செத்த துப்பாக்கி. வீட்டுல மாட்டி வெச்சுக்கலாம்" என்றார் கோமளா. டீ ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அந்தக் கடைசி வகையில்தான் முனுசாமியின் வாழ்க்கை போய்ச் சிக்கியது.

முனுசாமியைத் தெரியாதவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை. இளம் வயதில் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சுரங்கம் மூடியதும் மற்றவர்களைப் போலவே காலை ரயிலில் பெங்களூர் போய், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பம்பும் லிஃப்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் ஊரே அவர் வீட்டு வாசலில் நிற்கும். மிக்ஸி, தையல் மெஷின், கோயில் மணி, எது வந்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ஆவும்" என்பார். "ஆவாது" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் இன்றும் அவர் புண்ணியத்தில் ஓடுகிறது.

அவருடைய அப்பாவும் அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான்; அதோடு எங்கள் ஊர்ப் பாலகாட்டுக்கு அப்பால் கொஞ்சம் நிலம் வைத்து வேர்க்கடலை போட்டிருந்தார். பன்றிக்காக, வாய் வழியாக மருந்து போடும் ஒரு நாட்டுத் துப்பாக்கியும், அதற்கு முறையான லைசென்ஸும் அவரிடம் இருந்தன. அவர் இறந்ததும் துப்பாக்கி மகன் வீட்டுக்கு வந்தது. லைசென்ஸ் அப்பாவோடு முடிந்துவிட்டது என்பது முனுசாமிக்குத் தெரியாது. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. இங்கே அப்பா போனால் அவர் வேலையில் மகன் நிற்பான், அவர் இருந்த லைன் வீட்டில் மகன் இருப்பான், யாரும் எதுவும் கேட்டதில்லை. "அப்பா வேல எனக்கு வந்துச்சு, அப்பா வீடு எனக்கு வந்துச்சு, லைசென்ஸ் மட்டும் எங்க சார் போய்டும்?" என்று பின்னால் என்னிடமே கேட்டார்.

வருஷா வருஷம் ஆயுத பூஜையில் ஸ்பேனர், சுத்தியல், ரம்பங்களோடு அந்தத் துப்பாக்கியும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு உட்காரும். ஒரு வருஷம் பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அதைப் படம் எடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். அது எங்கெங்கோ சுற்றி, காவலர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சாட்சிகள் முன்னிலையில் பொருளை எடுத்தபோது ஒருவர், "இது சுடுமா?" என்று கேட்டிருக்கிறார். முனுசாமி இருந்த இருப்பில், "இப்ப சுடாது சார். ரெண்டு நாள் டைம் குடுங்க, சுட வெச்சுத் தரேன்" என்று சொல்லியிருக்கிறார். கோமளாவிடம் இதை அவர் பெருமையோடுதான் சொன்னார். கோமளா கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போலீஸ்காரங்ககிட்ட சொன்னது சாட்சியம் ஆவாதுங்க. ஆனா அத்தக் கேட்ட காதெல்லாம் கோர்ட்டுக்கு வருமே" என்றார்.

சில நாட்கள் உள்ளே இருந்துவிட்டு முனுசாமி ஜாமீனில் வந்தார். வேலை செய்த இடத்தில் "கேஸ் முடியட்டும், பார்க்கலாம்" என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். தண்டனை என்று ஆனால் அந்த வேலையும் போய்விடும், வருஷக்கணக்கில் உள்ளேயும் இருக்க வேண்டும்.

முதல் சண்டை வகையைப் பற்றியது. குழல் நீளமாக இருந்ததால் அறிக்கையில் ரைஃபிள் என்று எழுதியிருந்தார்கள். பொருளை நீதிமன்றத்தில் மேசை மேல் வைத்தபோது கோமளா போன் விளக்கைக் குழலின் வாயில் பிடித்து, "உள்ளே சுருள் வரி இருக்கிறதா என்று அரசு வழக்கறிஞர் பார்த்துச் சொல்லட்டும்" என்றார். அவர் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்தி இல்லாமல் விரலை விட்டார். விரலோடு போன மோதிரம் துருவில் மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. குற்றவாளிக் கூண்டிலிருந்து முனுசாமி, "ஐயா, இழுக்காதீங்க. லேசா இடது பக்கம் திருப்புங்க, தானா வந்துரும்" என்றார். வந்துவிட்டது. விரல் முழுக்கத் துரு. சுருள் வரி எதுவும் தட்டுப்படவில்லை என்று அரசு வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார். வழக்கு ரைஃபிளிலிருந்து நாட்டுத் துப்பாக்கிக்கு இறங்கியது.

அதற்குப் பிறகு ஆயுத நிபுணரின் அறிக்கை வந்தது. "தற்போதைய நிலையில் சுடாது. பழுது பார்த்தால் சுடக்கூடும்." அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கோமளா பலமுறை படித்தார். பழுது பார்த்தும் சுடாது என்றால் அது செத்த துப்பாக்கி, முனுசாமி வீட்டுக்குப் போகலாம். பழுது பார்த்தால் சுடும் என்றால் அது ஆயுதம், முனுசாமி சிறைக்குப் போக வேண்டும். முனுசாமியை மாடிக்கு வரச்சொன்னார். நானும் உடன் இருந்தேன்.

"முனுசாமி, இப்ப வக்கீலா கேக்கல. நெஜமாவே அத்தச் சரி பண்ண முடியுமா?"

"முடியும் மேடம்."

"குழல் உள்ளாற முழுக்க அரிச்சுப் போயிருக்கு."

"வேற பைப்பு போட்டுக்கலாம்."

"விசைய இழுத்தா அடிக்கிற குதிரையே இல்ல."

"லேத்துல கடைஞ்சுக்கலாம்."

"கட்டைய கரையான் தின்னுட்டிருக்கு."

"தேக்கு எதுக்குக் கீது மேடம்?"

கோமளா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். முனுசாமி பதறிப்போய், "இன்னா மேடம், தப்பா சொல்லிட்டனா?" என்றார். "இல்லீங்க. சரியாத்தான் சொன்னீங்க. அதான் கஷ்டம்" என்றார் கோமளா. காபி வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்.

அவர் போனதும் எங்களுக்குள் மூண்ட சண்டை நாங்கள் போட்டதிலேயே பெரிது. "கடைசியில ஜட்ஜ் முனுசாமிகிட்டயே கேப்பாரு. 'முடியாது'ன்னு ஒரே வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அவரு பெரிய ஃபிட்டர், அவரு சொன்னா எடுபடும். கேஸ் முடிஞ்சுது" என்றேன் நான். கோமளா என்னை நேராகப் பார்த்தார். "ஆயுசுல அந்தாளு சொல்லாத வார்த்தை அது. அத்தச் சொல்ல வெச்சு ஜெயிச்சா, வீட்டுக்குப் போறது முனுசாமியா, வேற யாரோவா?" ஜெயிலுக்குப் போவதைவிட அது மேல் இல்லையா என்று கத்தினேன். "அத நான் முடிவு பண்ணக் கூடாது, நீங்களும் பண்ணக் கூடாது. நிபுணரக் கூண்டுல ஏத்தி நான் பாத்துக்கறேன்" என்றார். நான் கோபித்துக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டேன்.

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வது சுலபம். நிபுணர் வரவில்லை. ஒரு வாய்தாவுக்கு பந்தோபஸ்து, ஒரு வாய்தாவுக்கு விடுப்பு, இன்னொரு வாய்தாவுக்கு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நீதிபதியும் மாறினார். கோமளாவுக்குச் சர்க்கரை ஏறியது, கால் வீங்கியது, நீதிமன்றத்துப் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். ஒருநாள், உடம்பு முடியவில்லை என்று சொல்லி வாய்தா வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "எனக்குக் களைப்பா இருக்குன்னா அது ரெக்கார்டுல ஏறாதுங்க. முனுசாமி வேலைக்குப் போவலன்றதுதான் ஏறும்" என்று சொல்லிவிட்டு மிச்சப் படிகளை ஏறினார். முனுசாமி ஒவ்வொரு வாய்தாவுக்கும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, ஒன்றும் நடக்காமல் திரும்பிப் போவார். போகும்போது நீதிமன்றத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஏதாவதொரு நாற்காலியை முடுக்கிவிட்டுப் போவார்.

ஒருவழியாக நிபுணர் வந்தார். நாணயமான மனிதர். குழலைப் பழுது பார்க்க முடியுமா என்று கோமளா கேட்டார். முடியாது, மாற்ற வேண்டும். குதிரையும் விசையும்? புதிதாகச் செய்ய வேண்டும். கட்டை? மாற்ற வேண்டும். "அப்படியானால் இந்தத் துப்பாக்கியில் மிச்சம் இருக்கப்போவது என்ன?" நிபுணர் குனிந்து யோசித்துப் பார்த்துவிட்டு, "தோள் வார் மாட்டுகிற வளையம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நீதிபதி உட்பட. எங்களுக்கு வென்றுவிட்டது போலத்தான் இருந்தது. அரசு வழக்கறிஞர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இத்தனையும் செய்தால் சுடுமா?" "சுடும்" என்றார் நிபுணர். அங்கேயே மறுபடி வந்து நின்றுவிட்டோம். குற்றம் சாட்டப்பட்டவரே ஃபிட்டர் என்பதால் அவரிடமும் இதைக் கேட்கப்போவதாகச் சொல்லி நீதிபதி அடுத்த வாய்தா போட்டார். அன்று இறங்கும்போது கோமளா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் ஒருநாளும் அவர் அப்படிச் செய்ததில்லை. அந்த வாய்தாவுக்கு அவர் இல்லை.

நான் பங்காரப்பேட்டையிலிருந்து திரும்பி வந்தபோது ஆண்டர்சன்பேட்டை வீட்டில் கூட்டம் தெருவை அடைத்திருந்தது. முனுசாமி மாடிப்படி ஓரமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கண்ணு மூடிக்கினு இருக்கறதப் பாத்தா தூங்கற மாரியே கீது சார். ஆனா அது அவங்க இல்ல" என்றார். நான் தலையாட்டினேன். அப்போது எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

வழக்கை நான் எடுத்துக்கொண்டேன், வேறு யார் எடுப்பது? முன்னிருந்த வழக்கறிஞர் இறந்துவிட்டதால் தள்ளிவைக்கலாமே என்று நீதிபதி மரியாதையாகவே கேட்டார். முனுசாமி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். உள்ளே வருமுன் தாழ்வாரத்தில் வைத்து அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்லிக்கொடுத்துவிடலாமா என்று எனக்கு இருந்தது. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். உயிரோடு இருந்தபோதே கோமளாவிடம் ஜெயித்ததில்லை, இறந்த பிறகு எங்கே ஜெயிப்பது என்ற அலுப்புதான் காரணம். பெரிய மனசெல்லாம் இல்லை.

நீதிபதி கன்னடத்தில் கேட்டார். இந்தப் பொருளைப் பழுது பார்த்து மறுபடி சுடும்படி செய்ய உங்களால் முடியுமா? கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று முனுசாமி கேட்டுக்கொண்டார். கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ப்பது போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கமாக அந்த நேரத்துக்குள் "ஆவும்" வந்திருக்கும். அன்று வரவில்லை. கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார், நீதிமன்ற எழுத்தர் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார்.

"பண்ணலாங்க. குழல மாத்தணும், குதிரய புச்சா கடையணும், கட்டைய மாத்தணும். அல்லாம் என்னால முடியும், சுடும். ஆனா அது நான் செஞ்ச துப்பாக்கிங்க. இது எங்கப்பாது. இது செத்துப்போச்சு. இத யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க." பொருளை மேசை மேல் திருப்பி வைத்துவிட்டு, "இத்தினி நாளா அது எனக்கு வெளங்கல" என்றார்.

எழுத்தர் அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். நீதிபதி எழுதிக்கொண்டார். எனக்கு வாதாடுவதற்கு அதிகம் மிச்சம் இருக்கவில்லை. சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பெயருக்கு ஒரு துண்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்வது பழுது பார்ப்பது ஆகாது, ஆகவே இந்தப் பொருளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை. மேல்முறையீடு வரலாம், வந்தால் பார்த்துக்கொள்ளலாம். தீர்ப்போடு சங்கத்து அறைக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் எங்கள் மேசையின் அந்தப் பக்கம் திரும்பினேன். சொல்ல ஆள் இல்லை.

வாசலில் முனுசாமி அழுதுகொண்டு நின்றார். "அன்னிக்கு மாடியில கேட்டப்பவே இத்தச் சொல்லியிருந்தா மேடம் இவ்ளோ அலைஞ்சிருக்க மாட்டாங்களே சார்" என்றார். "அன்னைக்கு நீங்க நெனச்சதச் சொன்னீங்க, இன்னைக்கு நெனச்சத இன்னைக்குச் சொன்னீங்க. ரெண்டும் நெஜந்தான். அவங்களுக்கு அது போதும்" என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. அடுத்த திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச்சொல்லிவிட்டார்கள் என்றார். காலை ரயிலில் அவரைப் பார்க்கிறேன், இருவரும் அதிகம் பேசுவதில்லை.

கோமளாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது ஒன்றுதான். ஒரு மனிதரைக் காப்பாற்றுவதற்காக அவரைப் பொய்யராக்காமல் இருப்பது. அதற்குக் காலம் பிடிக்கும், உடம்பு தேயும், முடிவைப் பார்க்காமலே போய்விடவும் நேரும். எனக்கு இப்போதே அசதியாக இருக்கிறது. ஆனாலும் செய்து பார்க்கிறேன், மேடம்.